கிழிந்த வாலுக்கு நீல மருந்து போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தாம்பரத்தில் வீடு, படுக்கையறை மேசையில் 3 லிட்டர் கண்ணாடி ஜாடி, அதில் ஒரு நீல ஹாஃப்மூன் வகை ஃபைட்டர் மீன். பத்து நாளாக வாலின் ஓரம் கந்தலாகி வருகிறது. கடையில் சொன்னதும் ஒரு சின்ன பாட்டில் நீல மருந்தைக் கொடுத்து, "தினமும் ரெண்டு சொட்டு விடுங்க, ஒரு வாரத்துக்குத் தண்ணி மாத்தாதீங்க" என்றார்கள். நாலு நாள் ஆயிற்று, வால் முன்னைவிட மோசம். இதைவிட நல்ல மருந்து எது, கந்தலான ஓரத்தைக் கத்தரித்துவிடலாமா, வால் திரும்ப வளருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, மருந்து போட்டும் வால் ஏன் கரைந்துகொண்டே போகிறது என்பதைத்தான். அதற்கான விடை பெரும்பாலும் அந்த "தண்ணி மாத்தாதீங்க" என்ற சொல்லில் இருக்கிறது.

நான் மீன்வளம் படித்தவன். சென்னையில், அலங்கார மீனுக்குப் பேர்போன கொளத்தூர்ப் பக்கம் பதினாறு வருடமாக அலங்கார மீன் வளர்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஃபைட்டர்தான். மீனை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்று இரவே செய்ய வேண்டியது: ஜாடித் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். நாளை இன்னொரு பாதி. மீன் தின்றது போக மிச்சமும் அதன் கழிவும் அம்மோனியாவாகின்றன. செவுள் வழியாகவும் மீன் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஃபில்டர் இல்லாத 3 லிட்டர் ஜாடியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கொஞ்சநஞ்சம் இருந்த பாக்டீரியாவையும் நீல மருந்து பதம் பார்த்திருக்கும். தாம்பரம் என்கிறீர்கள், போர் தண்ணீராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, அதன் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டி நிற்கும். 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தண்ணீர் பிஹெச் 8-இல் இருந்தால் நூறில் 6 பங்குக்கு மேல். அதாவது, அதே அளவு அழுக்குக்கு உங்கள் மீன் வாங்கும் அடி கிட்டத்தட்ட பத்து மடங்கு. வால் துடுப்பின் ஓரம் மெல்லிய சவ்வு, அடி முதலில் அங்கேதான் தெரியும்.

நீல மருந்து என்பது அநேகமாக மெத்திலீன் ப்ளூ. கெட்ட மருந்து இல்லை. முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நானும் இன்றுவரை விடுகிறேன், மேலோட்டமான பூஞ்சைக்கும் உதவும். ஆனால் துடுப்பின் திசுவுக்குள் இறங்கிவிட்ட பாக்டீரியாவை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தண்ணீரை நீலமாக்கிவிடுவதால் சொட்டு மருந்து வைத்து அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்டின் நிறமும் சரியாகத் தெரியாது, மீனின் வாலும் சரியாகத் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, வாசலில் நிற்பவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டிய தொழில் அது. பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, வால் எதனால் கிழிந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்தும் வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, தாளுக்குப் பின்னாலிருந்து மொபைல் டார்ச்சை அடியுங்கள். மீன் விரித்துத் திரும்பும்போது வால் முழுதும் வெளிச்சத்தில் தெரியும். வால் துடுப்பு ஒரு குடை மாதிரி. குடைக்கம்பிகள் போலக் கதிர்கள், அவற்றுக்கு நடுவே துணி போலச் சவ்வு. கம்பி சரியாக இருந்து துணி மட்டும் நேர்க்கோட்டில் கிழிந்திருந்தால், எதிலோ மாட்டிக் கிழிந்தது. ஜாடிக்குள் பிளாஸ்டிக் செடி இருந்தால் ஒரு பழைய நைலான் புடவைத் துண்டை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். துணியில் இழை பிடித்தால் வாலையும் அது பிடிக்கும், தூக்கிப் போடுங்கள். பல மீன்கள் இருக்கும் தொட்டியில் டைகர் பார்ப் மாதிரி கடிக்கும் மீன்கள் ஒரு காரணம். உங்களிடம் ஒற்றை மீன் என்பதால் அந்தப் பேச்சு வேண்டாம். கம்பியும் துணியும் சேர்ந்து கரைந்து, ஓரம் கோணல்மாணலாக, வெளுத்தோ சிவந்தோ கறுத்தோ இருந்து, நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்தால் அது அழுகல். ஒன்று கவனியுங்கள், கிரௌன்டெய்ல் என்ற வகையில் கம்பிகள் துணியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதே அழகு. அதை அழுகல் என்று பயந்து மருந்து ஊற்றியவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள். உங்களுடையது ஹாஃப்மூன், முழு வட்டத்தில் பாதியாக விரிய வேண்டிய வால், அதனால் அந்தக் குழப்பம் இல்லை.

நாலாவதாக ஒரு காரணம் உண்டு, பலரும் நம்ப மாட்டார்கள்: மீன் தானே தன் வாலைக் கடித்துக்கொள்வது. எட்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு வெள்ளை ஹாஃப்மூன் ஆண் இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வாலின் கீழ்ப் பாதியில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு காணோம். முதல் நாள் இரவு முழுசாக இருந்தது. அழுகல் என்றே முடிவு கட்டி, படித்த திமிரில் வரிசையாக மருந்து. வளர்ந்து வந்த கொஞ்சமும் மறுபடி மறுபடி காணாமல் போயிற்று. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் மாற்றிவிட்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபில்டரிலிருந்து வந்த நீரோட்டம் வாலைத் தள்ள, அது இரண்டு சுற்று சுழன்று, திரும்பி, லபக்கென்று ஒரு கடி. வாயில் வெள்ளைச் சவ்வு தொங்குகிறது. நான் சிரித்தேனா, தலையில் அடித்துக்கொண்டேனா என்று நினைவில்லை. ஃபில்டரைக் குறைத்து, காற்றுக் குழாயில் ஒரு வால்வு மாட்டி, தொட்டியின் ஒரு பக்கத்தில் நாளிதழ் ஒட்டி மறைத்ததும் கடிப்பது நின்றது. எதனால் கடிக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாரமான வால், நீரோட்டம், கண்ணாடியில் தன்னைத் தானே பார்ப்பது, சும்மா கிடக்கும் அலுப்பு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ஒரே இரவில் சுத்தமான வட்டத் துண்டு போயிருந்தால் கடி, பல நாளாக ஓரம் அரித்துக்கொண்டு வந்தால் அழுகல் என்பது மட்டும் ஏறக்குறைய நம்பலாம்.

பத்து நாளாக மெல்ல மெல்ல என்று எழுதியிருக்கிறீர்கள், ஜாடி சின்னது, தண்ணீர் பழசு. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அழுகல் என்றே தோன்றுகிறது. இதைச் செய்பவை ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். இவை எங்கிருந்தோ தொற்றிக்கொண்டு வருபவை அல்ல, எல்லாத் தொட்டித் தண்ணீரிலும் எப்போதும் இருப்பவைதான். மீன் தெம்பாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அம்மோனியா சவ்வைச் சுட்டு, எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் உள்ளே நுழையும். இதில் எந்த பாக்டீரியா என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பண்ணை வைத்திருப்பவர்கள் மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு மீன் கொண்டுபோவார்கள். ஒற்றை ஃபைட்டருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இனி வைத்தியம். பாத்திரக் கடையில் 8 அல்லது 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், மூடி போட்டதாக. ஃபைட்டர் துள்ளும், மூடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்கட்டும், ஏனென்றால் இந்த மீன் செவுளால் மூச்சு விடுவதோடு, மேலே வந்து காற்றையும் குடிக்கும். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். மணல், கூழாங்கல், பொம்மை எதுவும் வேண்டாம். அடியில் கழிவு விழுந்தால் தெரிய வேண்டும், உறிஞ்சி எடுக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் அல்லது லாரித் தண்ணீர் என்றால் குளோரினுக்காக ஆன்டி-குளோரின் சொட்டு, அல்லது ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்த தண்ணீர். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் மோட்டார் போட்டதும் நேரே ஊற்றாமல் வாளியில் சில மணி நேரம் வையுங்கள். அப்போதுதான் அறையின் சூட்டுக்கு வரும். சுத்தம் என்று நினைத்துத் தனி ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுபவர்கள் உண்டு. அதில் தாது உப்பு அநேகமாக இல்லை, மீனுக்கு அது ஆகாது. முதல் வாரம் தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சமையல் கல் உப்பு போதும், மீன் கடையில் அழகான பாக்கெட்டில் விற்பதும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் கலந்திருந்தால் மீன் செத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, இந்த அளவுக்கு அதெல்லாம் ஒன்றும் ஆகாது. லிட்டருக்கு 1 கிராமில் தொடங்குங்கள். ஒரு தட்டையான டீஸ்பூனில் ஏறக்குறைய 5 கிராம் நிற்கும், ஆக 5 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். தனியே ஒரு டம்ளரில் கரைத்து, அரை மணி இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். கல்லாக நேரே மீன் மேல் போடவே கூடாது. இரண்டு நாளில் மீன் சோர்வில்லாமல் இருந்தால் லிட்டருக்கு 2 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வீட்டில் வேண்டாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மட்டம் குறைந்ததற்கு ஊற்றும்போது வெறும் தண்ணீர். பழையதை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும், மாற்றிய அளவுக்கான உப்பு. 5 லிட்டரில் 2 லிட்டர் மாற்றினால் 2 லிட்டருக்கான உப்புதான் சேர்க்க வேண்டும், இதைக் கணக்கு வைக்காமல் தினமும் ஒரு ஸ்பூன் போட்டு ஊறுகாய் ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளோடு நிறுத்திவிட்டு, தண்ணீர் மாற்ற மாற்றத் தானாகக் குறையட்டும். செடி இருக்கும் தொட்டியிலும், கோரிடோராஸ் போன்ற அடித்தள மீன்கள் இருக்கும் தொட்டியிலும் இந்த உப்பு வைத்தியத்தைக் காப்பியடிக்காதீர்கள்.

படுக்கையறை என்றீர்கள், இரவில் ஏசி ஓடுமா? 3 லிட்டர் தண்ணீர் பகலில் 31, விடியற்காலையில் 23 என்று ஊஞ்சலாடும், அதுவே மீனைப் பாதி நோயாளி ஆக்கிவிடும். ஹால் பக்கம் வையுங்கள், அல்லது ஒரு சின்ன ஹீட்டர். 26 முதல் 28 டிகிரிக்குள் நின்றால் போதும். தீவனம் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பெல்லட். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் கெடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் கைவிடுங்கள். மீன் தொட்டியில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி மனிதத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். அரிதுதான், வந்தால் குணமாக மாதக்கணக்காகும்.

வாதாம் இலை போடலாம் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். தெருவோரம் நிற்குமே நாட்டு வாதுமை, அந்த மரத்தின் காய்ந்து விழுந்த பழுப்பு இலை. தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்களும் கொளத்தூர்க்காரர்களும் காலம்காலமாகப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். இலைச்சாறு சில பாக்டீரியாக்களைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. அதற்காக ஜாடியில் மிதக்கும் ஒரு இலை அதே வேலையைச் செய்யும் என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் கொஞ்சம் இருண்டால் மீன் அமைதியாக இருக்கிறது, அது என் கண்ணால் பார்த்தது. கடினமான போர் தண்ணீரில் பிஹெச்சை அது இறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5 லிட்டருக்கு உள்ளங்கை அளவு துண்டு, லேசான டீ நிறம் வந்தால் போதும். மஞ்சள் தூள் போடச் சொல்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அது கரையாமல் அடியில் படிந்து தண்ணீரைத்தான் கெடுக்கும்.

ஆன்டிபயாடிக் எப்போது? மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்தும் ஐந்தாறு நாளில் அரிப்பு நிற்காவிட்டால், அல்லது சிவப்பு வாலின் அடிக்கட்டை வரை வந்துவிட்டால். ஒரே நாளில் கண்முன்னே வால் கரைந்து, வாயிலோ முதுகிலோ சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தால் அது வேறு கதை. பூஞ்சை போலத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். சூட்டில் அது இன்னும் வேகமெடுக்கும், அதனால் அப்போது ஹீட்டரை ஏற்றாமல் தண்ணீரை மெல்ல 24, 25-க்குக் கொண்டுவர வேண்டும், தாமதிக்காமல் மருந்துக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி உடைத்துக் கொட்டுவது நம் ஊர் வழக்கம். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். இரண்டு நாள் போட்டு, தேறிவிட்டது என்று நிறுத்தினால் மிஞ்சிய பாக்டீரியாக்களுக்கு நாமே பயிற்சி கொடுத்த கதையாகும். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுத் தனி டப்பாவில் கொடுங்கள். அளவை இங்கே நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அது எந்த மருந்து, உங்கள் தண்ணீர் எப்படி என்பதைப் பொறுத்து மாறும்.

கத்தரிப்பது வேண்டாம். கிராம்பு எண்ணெயில் மயக்கம் கொடுத்து, செத்த சவ்வை நறுக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. நகவெட்டியும் கத்தரிக்கோலும் வைத்து வீட்டில் செய்தால் புதுப் புண்தான் மிச்சம்.

வளருமா என்றால், வளரும். வால் துடுப்பை மீண்டும் வளர்ப்பதில் மீன்கள் கெட்டிக்காரர்கள். ஸீப்ரா மீன் என்று தொட்டியில் ஓடுமே கோடு போட்ட குட்டி மீன், தெற்காசியாவைச் சேர்ந்ததுதான். உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதன் வாலை வெட்டி, எப்படி முளைக்கிறது என்று பார்க்கிறார்கள். 28 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரு நாளுக்குள் காயத்தின் மேல் தோல் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் வெட்டிய கதிர்களின் நுனியில் செல்கள் குவிந்து மொட்டு மாதிரி நிற்கும், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய முழு வால். நுனியில் வெட்டியதைவிட அடிப்பக்கம் வெட்டியது வேகமாக வளர்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்த மாதிரி. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான். ஃபைட்டரின் வால் பெரியது, ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம். அடிக்கட்டைத் தசையும் எலும்பும் அரித்துப் போயிருந்தால் மட்டும் திரும்ப வராது. வளர்ந்தாலும் பழைய நிறமும் அதே வட்டமும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, சில மீன்களுக்குக் கதிர்கள் கொஞ்சம் வளைந்து வருவதுண்டு.

ஒரு எச்சரிக்கை. ஏழெட்டு நாளில் கந்தலான ஓரத்தைச் சுற்றி, நிறமே இல்லாமல், பாலிதீன் தாள் மாதிரி ஒரு மெல்லிய கரை தெரியும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி நீல மருந்தை எடுத்துவிடாதீர்கள், அதுதான் புதிய வால். நிறம் பிறகுதான் ஏறும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டார்ச் வெளிச்சத்தில் அசையும். புதுச் சவ்வு தட்டையாக, கதிர்களுக்கு நேராகவே இருக்கும்.

இதே டார்ச் வெளிச்சத்தில் இன்று ஒரு படம், மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, ஒரே கோணத்தில் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஏழாம் நாள் படத்தோடு போர் தண்ணீரா லாரித் தண்ணீரா, ஏசி ஓடுகிறதா, முடிந்தால் அம்மோனியா கிட்டின் நிறம், இவற்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மீன் தேறிய பிறகு அந்த 3 லிட்டர் ஜாடிக்குத் திரும்ப வேண்டாம். அதில் ஒரு மணி பிளான்ட் வைத்துவிட்டு, ஃபைட்டருக்கு 15, 20 லிட்டரில் ஒரு தொட்டியும், மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பாருங்கள்.